"நான் இன்னும் துணியே எடுக்கலீங்களே"

கேள்வி: எம்.எஸ்சி. உளவியல் முடித்துவிட்டு, ஈரோடு மாவட்டத்தில் ஒரு குடிபோதை மறுவாழ்வு மையத்தில் கவுன்சலராக இருக்கிறேன். எங்களிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் தாமாக வந்தவர்கள் இல்லை, வீட்டார் கூட்டிக்கொண்டு வந்தவர்கள். சமீபத்தில் ஒரு பயிற்சி வகுப்பில், "கிளையன்ட் முரண்டு பிடித்தால் உத்தரவு போடாதீர்கள். இரண்டு வழிகளைச் சொல்லி ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். தானே முடிவெடுத்ததாக நினைத்துக்கொள்வார்" என்று சொல்லிக்கொடுத்தார்கள். அதை ஒருவரிடம் முயன்றேன். வயது 44, விசைத்தறி ஓட்டுகிறவர், தினமும் குடிப்பவர். மனைவியும் மச்சானும் கூட்டிவந்தார்கள். முதல் செஷனில் வாயே திறக்கவில்லை. இரண்டாவதில், "நீங்க இன்னைக்கே நிறுத்தறீங்களா, இல்ல திங்கக்கிழமையில இருந்து நிறுத்தறீங்களா?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "இதென்னங்க மேடம், ஜவுளிக்கடையில பில் போடறப்ப 'பணமா, கார்டா'ன்னு கேக்கற மாதிரி கேக்கறீங்க. நான் இன்னும் துணியே எடுக்கலீங்களே" என்றார். அதன்பிறகு வரவில்லை. இன்னொரு பக்கம், "உங்களுக்கு எது சரின்னு தோணுது?" என்று கேட்டால், "நீங்கதான் சொல்லணும், அதுக்குத்தான வந்திருக்கோம்" என்கிறார்கள். விருப்பத்தை அவர்களிடம் விடுகிற இந்தப் பேச்சுமுறை நம் ஊருக்குச் சரிப்படுமா? இது ஒருவகை ஏமாற்று வேலை இல்லையா? அவரைத் திரும்பக் கூப்பிடலாமா?

பதில்:

அன்புள்ள தோழிக்கு,

உங்கள் கேள்விக்குப் பாதி பதிலை அந்த விசைத்தறிக்காரரே சொல்லிவிட்டார். நிறுத்துவது என்று முடிவெடுத்தவர் நீங்கள். தேதியை மட்டும் அவர் கையில் கொடுத்தீர்கள். அவர் அதைக் கண்டுபிடித்ததோடு, கோபப்படாமல் சிரித்துக்கொண்டே சொல்லவும் செய்தார். ஒரு செஷன் முழுக்க வாய் திறக்காத மனிதர் உங்களிடம் பேசிய முதல் மனம் திறந்த பேச்சு அது. அந்த இடத்திலேயே நீங்களும் சிரித்து, "நெஜந்தாங்க, துணி எடுக்க வந்தீங்களான்னே நான் இன்னும் கேக்கல" என்று சொல்லியிருந்தால் பேச்சு அங்கிருந்து தொடங்கியிருக்கும். இப்போதும் அதைச் சொல்லலாம். கடைசியில் அதற்கு வருகிறேன்.

உங்கள் வகுப்பில் சொல்லிக்கொடுத்த உத்தியின் தாய்வீடு ஹிப்னாடிசம். அமெரிக்க மனநல மருத்துவர் மில்டன் எரிக்சன் இந்த வகைக் கேள்விகளுக்குப் பேர்போனவர். இப்போதே மயக்கநிலைக்குப் போகிறீர்களா, சற்று நேரம் கழித்துப் போகிறீர்களா என்று கேட்பது போன்றவை. எதைச் சொன்னாலும் மயக்கநிலை உறுதி. ஆனால் மயக்கநிலைக்குப் போக அவர் முன்னால் உட்கார்ந்தவர் பொதுவாக அதற்குச் சம்மதித்து வந்தவராக இருப்பார். எப்போது, எப்படி என்பதுதான் மிச்சம். உங்கள் கிளையன்ட் சம்மதித்து வரவில்லை, ஸ்கூட்டரில் இரண்டு பேருக்கு நடுவில் உட்காரவைத்துக் கூட்டிவரப்பட்டார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். எரிக்சன் 1980-ல் இறந்தார். அவருடைய மொழி நுணுக்கங்களை விற்பனைப் பயிற்சியாளர்களும் எடுத்துக்கொண்டார்கள். அங்கிருந்து சுற்றிவந்த சரக்குதான் பல பயிற்சி வகுப்புகளில் "தெரபி டெக்னிக்" என்று கிடைக்கிறது. ஆறு வயதுக் குழந்தையிடம், "முதல்ல குளிக்கிறியா, பல்லு தேய்க்கிறியா?" என்று கேட்டால் வேலை நடக்கும். 44 வயதில், குவார்ட்டர் வாங்குவதற்காக வீட்டில் ஆயிரம் சமாளிப்புப் பேச்சு பேசிப் பழகியவர் உங்களையும் என்னையும்விடப் பேச்சுத் தந்திரம் அறிந்தவர்.

இன்னொரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அது மொழியைவிட அவசரம். "இன்னைக்கே நிறுத்தறீங்களா?" என்பதை, நீண்ட காலமாகத் தினமும் குடிப்பவரிடம், மருத்துவர் பார்க்காமல் கேட்கக்கூடாது. கடைசியாகக் குடித்து 6 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டு நாள் கழித்து, சிலருக்கு மூன்று நான்கு நாள் ஆனபின், ஆள் அடையாளம் தெரியாமல், இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிந்து, உடம்பெல்லாம் நடுங்கி, காய்ச்சலோடு படுக்கிற நிலை வரலாம். உயிரே போகக்கூடிய நிலை அது. முன்பு ஒருமுறை நிறுத்தியபோது வலிப்பு வந்ததா, காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறதா என்று கேட்டுவிட்டு, மனநல மருத்துவரிடம் காட்டி, மாத்திரையும் தயமின் (வைட்டமின் பி1) ஊசியும் என்ன அளவில் என்று முடிவானபிறகுதான் நிறுத்துகிற பேச்சு. நீங்கள் நல்ல எண்ணத்தில் கொடுத்த இரண்டு வழியில் ஒன்று அவருக்கு ஆபத்தானதாக இருந்திருக்கலாம். ஒருவருக்கு வழி சொல்லும்போது அந்த வழியில் போனால் என்ன ஆகும் என்று சொல்கிறவருக்கு முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

சரி, அவர் ஏன் முரண்டு பிடித்தார்?

1966-ல் ஜாக் பிரெம் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு கோட்பாட்டை முன்வைத்தார். தன் கையில் இருக்கிற ஒரு சுதந்திரம் பறிபோகிறது என்று தெரிந்ததும் மனிதன் அதை மீட்கப் பாய்வான், பறிக்கப்படுகிற பொருளின் மீது ஆசையும் கூடும் என்பது அதன் சாரம். "குடிக்காதே" என்று பத்துப் பேர் சொன்ன நாளில் ஒருவர் இரண்டு மடங்கு குடிப்பதை நாமெல்லாம் பார்த்திருக்கிறோம். உங்கள் அறைக்கு வருவதற்கு முன்பே அவரிடமிருந்து என்னவெல்லாம் பறிபோயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சம்பளக் கவர் மனைவி கைக்குப் போயிருக்கும். வண்டிச் சாவி மச்சானிடம். கோயிலில் கற்பூரத்தின் மீது அடித்துச் சத்தியம் வாங்கியிருப்பார்கள், அதுவும் பந்துக்களுக்கு முன்னால். கையில் கயிறு கட்டியிருப்பார்கள். இத்தனைக்கும் பிறகு ஒரு மேடம் முன்னால் கொண்டுவந்து உட்காரவைக்கிறார்கள். அவர் கண்ணுக்கு நீங்கள் மச்சானின் அடுத்த ஏற்பாடு. அவரிடம் மிச்சமிருந்த ஒரே சுதந்திரம் வாயைத் திறக்காமல் இருப்பது. முதல் செஷனில் அதைத்தான் பயன்படுத்தினார்.

வேறொன்றும் நடந்திருக்கலாம், மனைவியிடம் தனியாகக் கேளுங்கள். "குடிப்பவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்த" என்று சுவரிலும் பேப்பரிலும் விளம்பரங்கள் வருகின்றனவே, அந்த மாதிரி எதையாவது சாம்பாரிலோ காபியிலோ கலந்து கொடுத்தார்களா? சில நேரம் அது டைசல்ஃபிராம் மாத்திரையாக இருக்கும். அதைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தியெடுத்து, ரத்த அழுத்தம் இறங்கிச் சரிவார். இதயக் கோளாறு உள்ளவருக்கு உயிரே போகலாம். நோயாளிக்குத் தெரிந்து, அவர் ஒப்புக்கொண்டு, மருத்துவர் பரிசோதித்துத் தரவேண்டிய மருந்து அது. தெரியாமல் கொடுத்து ஒருமுறை அவருக்குத் தெரிந்துவிட்டால், பிறகு அந்த வீட்டுச் சோற்றையே நம்பமாட்டார். உங்களை மட்டும் எப்படி நம்புவார்? மனைவி கலந்திருந்தால் அவரைத் திட்ட வேண்டாம், பயத்தில் செய்தது. ஆனால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். இந்த இடத்தில் விருப்பமெல்லாம் கேட்க வேண்டாம், நேராகவே சொல்லுங்கள்.

குடிநோய் சிகிச்சையில் இந்த முரண்டைப் பற்றிய பார்வையையே மாற்றியவர் அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர். 1982-ல் நார்வேயில் பெர்கன் நகருக்கு அருகே ஒரு சிகிச்சை மையத்துக்குப் போயிருந்தார். அங்கிருந்த இளம் உளவியலாளர்கள் கிளையன்ட் மாதிரி நடிப்பார்கள், இவர் பேசிக்காட்டுவார். அவர்கள் நடுவில் நிறுத்தி, "இந்தக் கேள்வியை ஏன் கேட்டீர்கள்? வேறு எதையோ விட்டுவிட்டு இதற்கு ஏன் பதில் சொன்னீர்கள்?" என்று குடைந்திருக்கிறார்கள். பதில் சொல்லப் போய்த்தான், தான் என்ன செய்கிறோம் என்பதே அவருக்குத் தெளிவானது. 1983-ல் அதைக் கட்டுரையாக எழுதினார். பிறகு ஸ்டீபன் ரோல்னிக்கோடு சேர்ந்து 1991-ல் நூலாக்கினார். அதுதான் மோட்டிவேஷனல் இன்டர்வியூயிங்: மாறுவதற்கான காரணத்தைக் கிளையன்ட்டே தன் வாயால் சொல்ல வழிவிடுகிற பேச்சுமுறை. 1993-ல் மில்லரும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஒரு ஆய்வு நம் தொழிலில் இருக்கிற எல்லோரும் மனதில் வைக்கவேண்டியது. கவுன்சலர் எவ்வளவுக்கு எவ்வளவு எதிர்த்து வாதாடினாரோ, அவ்வளவுக்கு அவ்வளவு அந்தக் கிளையன்ட் ஒரு வருடம் கழித்தும் கூடுதலாகக் குடித்துக்கொண்டிருந்தார். அந்த நூலின் 2013-ல் வந்த மூன்றாம் பதிப்பில் "ரெசிஸ்டன்ஸ்" (முரண்டு) என்ற கருத்தையே அவர்கள் கைவிட்டுவிட்டார்கள். அதை இரண்டாகப் பிரித்தார்கள். குடியை விடமுடியாததற்கு அவர் சொல்கிற காரணங்கள் ஒன்று. இது யாருக்கும் இயல்பு. உங்களோடு அவருக்கு வந்திருக்கிற உரசல் இன்னொன்று. "தறி ஓட்டற உடம்பு வலிக்கு இது இல்லாம தூக்கம் வராதுங்க" என்பது முதல் வகை. "பணமா, கார்டான்னு கேக்கறீங்க" என்பது இரண்டாவது. முதல் வகையைக் காதுகொடுத்துக் கேட்க வேண்டும். இரண்டாவது வந்தால் மாறவேண்டியவர் நாம்.

முரண்டு என்பது கிளையன்ட் மட்டும் தன்னோடு சுமந்துகொண்டு வருவதில்லை, எதிரே இருப்பவர் பேசும் விதத்தில் ஏறி இறங்கும் என்பதை 1980-களிலேயே கண்டிருந்தார்கள். பேட்டர்சன், ஃபோர்காட்ச் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1985-ல் தெரபிஸ்டுகளின் பேச்சைக் கவனித்துப் பார்த்தபோது, பாடம் நடத்துவதும் மடக்கிக் கேட்பதும் வந்த உடனே ஒத்துழையாமை கூடியது. ஆகவே முரட்டுக் கிளையன்ட் என்று ரிஜிஸ்டரில் எழுதும்போது கொஞ்சம் யோசியுங்கள்.

இப்போது மொழிக்கு வருவோம். விருப்பத்தை அவரிடம் விடுகிற பேச்சின் உயிர், "வேண்டாம்" என்பதும் ஒரு வழியாக அதில் இருப்பது. உங்கள் கேள்வியில் அது இல்லை. முதல் நாள், மனைவியை வெளியே காத்திருக்கச் சொல்லிவிட்டு, இப்படி ஆரம்பித்துப் பாருங்கள்: "இங்க வர்றதுக்கு உங்களுக்கு இஷ்டம் இருந்த மாதிரி தெரியலைங்க. வந்துட்டீங்க. அரை மணி நேரம் இருக்குது. குடியப் பத்திப் பேசலாம், வேற ஏதாச்சும் பேசலாம், சும்மா உக்காந்திருந்துட்டும் போலாம். உள்ள என்ன பேசினீங்கன்னு உங்க மச்சான்கிட்ட நான் சொல்லப் போறதில்ல. உயிருக்கு ஆபத்துன்னு எனக்குத் தோணுற விஷயமா இருந்தா மட்டும்தான் வேற ஆளுங்ககிட்டப் பேச வேண்டியிருக்கும், அதையும் உங்ககிட்டச் சொல்லிட்டுத்தான் செய்வேன்." சும்மா உட்காருவேன் என்று அவர் சொன்னால் நீங்களும் சும்மா உட்கார வேண்டும். ஃபைலைப் புரட்டக்கூடாது, பெருமூச்சு விடக்கூடாது. பெரும்பாலும் யாரும் அரை மணி நேரம் உட்காரமாட்டார்கள். "தறிச் சத்தம் இல்லாம இருக்கறதே நல்லா இருக்குதுங்க" என்று எதையாவது சொல்வார். போதும், அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

அதற்கும் முன்னால் சின்னச் சின்ன இடங்கள் இருக்கின்றன. எந்த நாற்காலி, ஃபேன் வேண்டுமா, கதவு சாத்தலாமா, மனைவி உள்ளே இருக்கலாமா, நான் குறிப்பெடுத்துக்கொள்ளலாமா. இதையெல்லாம் சம்பிரதாயத்துக்குக் கேட்காதீர்கள், பதிலுக்குக் காத்திருந்து அதன்படி செய்யுங்கள். காலையிலிருந்து யாரும் அவரை எதையும் கேட்கவில்லை.

வினைச்சொல் முடிகிற விதத்தையும் கவனியுங்கள். "நிறுத்தணும்", "வரணும்", "சொல்லணும்" என்று "ணும்" போட்டே நாள் முழுக்கப் பேசுகிறோம். கிளையன்ட் தானே சொல்லும்வரை அந்த முடிவைத் தவிர்த்துப் பாருங்கள். "சில பேர் தினம் வாங்கறத எழுதிவெச்சுப் பாக்கறாங்க. சில பேர் வேலை முடிஞ்சு வர்ற வழிய மாத்திப் பாக்கறாங்க. டாக்டரப் பாத்து ஒருவாரம் அட்மிட் ஆகி முழுசா நிறுத்தினவங்களும் இருக்காங்க. இப்போதைக்கு எதையும் மாத்திக்க வேண்டாம்னு போனவங்களும் உண்டு. உங்களுக்கு இதுல எதாச்சும் ஒத்துவருமா, இல்ல நீங்க வேற நினைக்கறீங்களா?" இதில் கடைசியில் வருகிற "இல்ல நீங்க வேற நினைக்கறீங்களா" முக்கியம். நம் பட்டியலோடு உலகம் முடிந்துவிடவில்லை என்று அது சொல்கிறது.

"செய்வதும் செய்யாததும் உங்கள் விருப்பம்" என்ற வாக்கியத்துக்குத் தனியாகவே ஆய்வுகள் உண்டு. 2000-ல் பிரான்சில் கெகன், பாஸ்கல் என்ற இருவர் வெளியிட்டது முதலாவது. வழியில் போகிறவர்களிடம் பஸ்ஸுக்குச் சில்லறை கேட்கவைத்தார்கள். சாதாரணமாகக் கேட்டபோது 10 சதவீதம் பேர் கொடுத்தார்கள். கூடவே "கொடுப்பதும் மறுப்பதும் உங்கள் இஷ்டம்" என்று சேர்த்தபோது 47.5 சதவீதம். 2013-ல் கார்பென்டர் என்பவர் இந்த வகையில் 42 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, வாக்கியத்துக்குப் பலன் இருக்கிறது என்றார். உங்கள் பயிற்சியாளர் இதுவரை மட்டும் சொல்லியிருப்பார். அதே தொகுப்பில் இன்னொரு தகவல் உண்டு. கேட்டதும் அங்கேயே முடிவெடுக்கிற காரியங்களில்தான் பலன் நன்றாகத் தெரிந்தது. பிறகு செய்யவேண்டிய காரியமென்றால் குறைந்துவிட்டது. உங்கள் கிளையன்ட் முடிவெடுக்க வேண்டிய இடம் உங்கள் அறை கிடையாது. சனிக்கிழமை கூலி கைக்கு வந்து, டாஸ்மாக் வழியாக வீட்டுக்குப் போகிற அந்தப் பாதைதான். நீங்கள் அங்கே இருக்கமாட்டீர்கள். ஒரு மந்திர வாக்கியம் அவரைப் பஸ் சில்லறை கொடுக்கவைக்கும், ஆனால் அந்தப் பாதை முழுக்க அவரோடு வராது. கூட வரக்கூடியது, அவர் தன் வாயால் சொன்ன காரணம்.

இது ஏமாற்று வேலையா என்று கேட்டிருக்கிறீர்கள். சில நேரம் ஆமாம். வித்தியாசம் காண ஒரு எளிய வழி இருக்கிறது. கேள்வியைக் கேட்பதற்கு முன்னால், எனக்குப் பிடிக்காத பதிலை அவர் சொன்னால் என் முகம் என்ன ஆகும் என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். "இல்லைங்க மேடம், குடிக்கறத இப்ப விடற மாதிரி இல்ல" என்று சொன்ன பிறகும், "சரிங்க. அடுத்த வாரமும் வரலாம்னா வாங்க, அதப் பத்திப் பேசாமகூட இருக்கலாம்" என்று முகம் மாறாமல் சொல்ல முடியும் என்றால் கேளுங்கள். முடியாது என்றால் கேள்வி வேடத்தில் உத்தரவு போடாதீர்கள். அதற்கு, "எனக்கு உங்க ஈரல் ரிப்போர்ட்டப் பாத்தா பயமா இருக்குதுங்க. நீங்க விட்டுடணும்னுதான் எனக்கு ஆசை. ஆனா என் ஆசைக்கு நீங்க விட முடியாது" என்று வெளிப்படையாகவே சொல்லிவிடலாம். இப்படிச் சொல்வதில் எந்தத் தப்பும் இல்லை. நம் ஆட்கள் மறைத்துப் பேசுவதைவிட இதை நன்றாகவே ஏற்றுக்கொள்வார்கள்.

அடுத்தது, "நீங்கதான் சொல்லணும்" என்கிறவர்கள். மேலைநாட்டு முறை நமக்கு ஒத்துவராது என்று பலர் இந்த இடத்தில்தான் கையை விரிக்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. அந்த வாக்கியத்துக்குப் பின்னால் மூன்று வெவ்வேறு மனிதர்கள் இருக்கிறார்கள். ஒருவருக்கு உண்மையிலேயே தகவல் தெரியாது. மஞ்சள்காமாலை வந்தவன் குடித்தால் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ளத்தான் வந்திருக்கிறார். அவரிடம் போய், "நீங்க என்ன நினைக்கறீங்க?" என்று திருப்பிக் கேட்பது அநியாயம். இன்னொருவருக்கு, படித்தவர் முன்னால் தன் கருத்தைச் சொல்வது மரியாதைக் குறைவு என்ற எண்ணம். மூன்றாமவர் கெட்டிக்காரர்: நீங்கள் சொல்லுங்கள், நான் கேட்கிறேன், நடக்கவில்லை என்றால் சொன்னது நீங்கள்தானே?

மூவருக்கும் ஒரே வரிசை உதவும். முதலில் அவருக்குத் தெரிந்ததைக் கேளுங்கள்: "ஈரலப் பத்தி டாக்டர் என்ன சொன்னாருங்க?" அப்புறம், "எனக்குத் தெரிஞ்சதக் கொஞ்சம் சொல்லட்டுங்களா?" என்று அனுமதி வாங்கிக்கொண்டு சொல்லுங்கள், சுருக்கமாக, இரண்டு மூன்று வாக்கியம். பிறகு, "இதக் கேட்டா உங்களுக்கு என்ன தோணுது? உங்களுக்குப் பொருந்துமா பொருந்தாதான்னு நீங்கதான சொல்ல முடியும்" என்று அவரிடமே விடுங்கள். தகவல் தெரியாதவருக்குத் தகவல் கிடைத்துவிட்டது. மரியாதை பார்ப்பவருக்கு நீங்கள் முதலில் பேசிவிட்டீர்கள், இனி அவர் பேசலாம். கெட்டிக்காரரிடம் பொறுப்பு அவர் மடியிலேயே இருக்கிறது. ஆலோசனை சொல்லவே கூடாது என்று யாராவது உங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தால் அதை மறந்துவிடுங்கள். கேட்டபிறகு சொல்கிற ஆலோசனையில் குற்றமில்லை.

முரண்டு பிடிப்பவரைவிட எனக்குக் கவலை தருகிறவர் தலையாட்டுகிறவர். "சரிங்க மேடம்", "கண்டிப்பாங்க மேடம்", "நீங்க சொன்னா சரியா இருக்கும்ங்க." செஷன் இனிமையாக முடியும், நீங்களும் சந்தோஷமாக ரிஜிஸ்டரில் எழுதுவீர்கள். அவர் நேராகக் கடைக்குப் போவார். நம் ஊரில் முரண்டின் பெரும்பகுதி இந்த "சரிங்க"வுக்குள்தான் இருக்கிறது. அப்படிப்பட்டவர் இரண்டு முறைக்கு மேல் உடனுக்குடன் சரி சொன்னால், மறுப்புக்கு நீங்களே கதவைத் திறந்துவிடுங்கள்: "நான் சொன்னதுல உங்களுக்குச் சரிப்படாதது கொஞ்சம் இருக்கும். இது நம்ம வேலைநேரத்துக்கு, நம்ம வீட்டுக்கு ஒத்துவராதுன்னு எது தோணுது?" "ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டால் "இல்லைங்க" என்று வந்துவிடும். இருக்கும் என்று எடுத்துக்கொண்டு "எது?" என்று கேட்டால், மெதுவாக ஒன்றைச் சொல்வார். சொன்னதும் அதைச் சமாதானப்படுத்த ஓடாதீர்கள். எழுதிக்கொள்ளுங்கள். அவர் பார்க்க எழுதுங்கள்.

கூட்டிவந்தார் என்பதைத் தவிர மனைவியைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. அவர் வந்தது, "நீங்களாச்சும் நல்லா நாலு வார்த்த கேளுங்க மேடம்" என்பதற்காக. நீங்கள் அவருடைய கணவரிடம் "சும்மா உக்காந்திருந்துட்டும் போலாம்" என்று சொன்னது அவருக்குத் தெரிந்தால் கொதித்துப்போவார், நியாயம்தான். முதல் நாளே அவரோடு தனியாக உட்கார்ந்து, திட்டுவதால் ஏன் பலன் வராது, நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள், எவ்வளவு காலம் ஆகலாம் என்று விளக்குங்கள். அவரும் கையில் வழி எதுவும் இல்லாமல்தான் வந்திருக்கிறார். குடிக்கிற நாளில் கணவரோடு சண்டை போடாமல் காலையில் பேசுவது, கணவரின் குடிக்கடனை அடைக்காமல் விடுவது, கொஞ்ச நாள் அம்மா வீட்டுக்குப் போவது என்று அவருக்கும் தேர்ந்தெடுக்க என்னென்ன இருக்கிறது என்று சேர்ந்து பாருங்கள். அடி உதை இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். இருந்தால் 181 என்ற பெண்கள் உதவி எண்ணை அவர் மனப்பாடம் செய்துகொண்டு போகட்டும், செல்போனில் பதிந்தால் வீட்டில் பார்த்துவிடுவார்கள்.

விருப்பமே கேட்கக்கூடாத இடங்களும் உண்டு. தற்கொலை எண்ணம் வெளிப்பட்டால், வலிப்பு வருகிற அறிகுறி இருந்தால், குழந்தைக்கு ஆபத்தென்றால், "என்ன செய்யலாம்னு நினைக்கறீங்க?" என்று கேட்டுக்கொண்டிருப்பது கொடுமை. அங்கே, "இன்னைக்கு உங்கள நான் தனியா அனுப்ப முடியாதுங்க. இது என் முடிவு. யாரக் கூப்பிடலாம், தம்பியவா, கூட வேலை செய்யறவங்களயா, அத நீங்க சொல்லுங்க" என்று எல்லையைக் காட்டிவிட்டு, அதற்குள் இருக்கிற உண்மையான தேர்வை மட்டும் கொடுங்கள். அட்மிஷனும் அப்படித்தான். 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் (2017-ல் நிறைவேறியது) மதுவால் வரும் மனநிலைக் கோளாறுகளும் அடங்கும். முடிவெடுக்கும் திறன் உள்ளவரிடம் விவரம் சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. மச்சான் கையெழுத்துப் போட்டால் போதும் என்று உங்கள் மையத்தில் யாராவது சொன்னால், இதை எடுத்துச்சொல்ல உங்களுக்குத் தைரியம் வேண்டும்.

கடும் மனச்சோர்வில் இருப்பவரிடம் நாலைந்து வழிகளை வரிசையாக அடுக்காதீர்கள். சாப்பிட இட்லியா தோசையா என்றே முடிவெடுக்க முடியாமல் இருப்பவர் அவர். இரண்டு போதும், இரண்டுமே உங்களுக்குச் சம்மதமானவையாக இருக்கட்டும். வன்முறையைச் சந்தித்தவர்களுக்கு மூச்சுப்பயிற்சி சொல்லிக்கொடுக்கும்போது, கண்ணை மூடலாம், திறந்தே வைத்திருக்கலாம், எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்று சேர்த்துச் சொல்லுங்கள். அவர்களுக்கு அது சலுகை இல்லை, பாதுகாப்பு.

இனி அந்த விசைத்தறிக்காரர். தாராளமாகக் கூப்பிடுங்கள், ஒரே ஒரு முறை. மனைவி போனுக்குப் பேசாதீர்கள், அவருடைய எண்ணுக்கே பேசுங்கள். ஷிப்ட் முடிகிற நேரமாகப் பாருங்கள், குடித்திருக்க வாய்ப்புள்ள இரவில் வேண்டாம். இவ்வளவு போதும்: "மேடம் பேசறேங்க. அன்னைக்கு நீங்க சொன்னது சரிங்க, துணி எடுக்காதவங்ககிட்ட நான் பில்லு போட்டுட்டேன். வாங்கன்னு சொல்லறதுக்குக் கூப்பிடல, அத மட்டும் சொல்லலாம்னுதான். தினம் குடிச்சிட்டு இருக்கறதால, திடீர்னு நீங்களா நிறுத்தாதீங்க, டாக்டரக் கேட்டுட்டுச் செய்யுங்க, வலிப்பு வந்தாலும் வந்துரும். மறுபடி வரணும்னு தோணுச்சுன்னா வாங்க. தோணலைன்னாலும் ஒண்ணும் தப்பில்ல." அவர் சிரிக்கலாம், திட்டலாம், "பாக்கலாங்க" என்று வைத்துவிடலாம். எதுவானாலும் மறுநாள் திரும்பக் கூப்பிடாதீர்கள். மச்சான் போன் எடுத்துவிட்டால், "அப்புறம் பேசறேங்க" என்று மட்டும் சொல்லி வைத்துவிடுங்கள். எதற்குக் கூப்பிட்டீர்கள் என்று அவர் கேட்டாலும் சொல்ல வேண்டாம். வந்தார் என்றால், நாற்காலியைக் காட்டுவதற்கு முன்னால், மனைவி உள்ளே இருக்கலாமா வேண்டாமா என்று அவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.